காதில் தொடங்கும் வாசிப்பு

எல்லா எழுத்தும் தெரியும், ஆனால்…

"ஆனா ஆவன்னா முழுக்கச் சொல்லுதான். சிலேட்டைக் கொடுத்தா அழகா எழுதுதான். புத்தகத்தை நீட்டுனா மட்டும் முழிக்கான். ஏன்?"

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது சிவகிரி. அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டில் இந்தக் கேள்வி எழுவது சகஜம். அதே வீட்டில் இதற்கு நேர்மாறான அதிசயமும் நடக்கும். ஓர் எழுத்தும் தெரியாத மூன்று வயதுத் தங்கச்சி, கடையில் தொங்கும் பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டிப் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவாள்.

எழுத்து தெரிந்த அண்ணனுக்கு வாசிக்க வரவில்லை. எழுத்தே தெரியாத தங்கச்சி வாசித்துவிட்டாளா?

தங்கச்சியின் வித்தையை 1984-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கடைப் பொருள்களின் பெயரைச் சட்டெனச் சொல்லும் சிறு பிள்ளைகளிடம், 'பெப்சி' சின்னத்தின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. பழையபடி 'பெப்சி' என்றார்கள். அவர்கள் பார்த்தது நிறத்தையும் வடிவத்தையும்தான். எழுத்து அவர்கள் கண்ணில் படவில்லை.

ஆக, தங்கச்சி இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை. அண்ணன் தொடங்கிவிட்டான், நடுவழியில் நிற்கிறான். அவன் நிற்கும் இடம் எது, அங்கிருந்து அவனை நகர்த்த வீட்டால் என்ன செய்ய முடியும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

மூளைக்கு வாசிப்பு புதிது

பேச்சை யாரும் உட்கார வைத்துக் கற்பிப்பதில்லை. பேசும் மனிதர்கள் நடுவில் வளர்ந்தால் போதும், பிள்ளை பேசிவிடும். வாசிப்பு அப்படி வருவதில்லை. மனிதன் எழுதத் தொடங்கி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஓர் உறுப்பை மூளை வளர்த்துக்கொள்ள இந்தக் காலம் போதாது. அதனால், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பார்வைப் பகுதியில் ஒரு சிறு இடத்தை எழுத்துக்கு ஒதுக்கி, பேச்சைக் கையாளும் பகுதியோடு அதை இணைத்துக்கொள்கிறது மூளை. பிரான்சு நாட்டு நரம்பியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் இதை விரிவாக ஆராய்ந்தவர்.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. லக்னோவை அடுத்த கிராமங்களில், பள்ளிக்கூடம் போக வாய்ப்பில்லாமல் வளர்ந்தவர்களுக்கு இந்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், முப்பது வயதை ஒட்டியவர்கள். ஆறு மாதம் கழித்து அவர்களது மூளையைப் படம்பிடித்தபோது, வெளிப்புறப் பகுதிகளில் மட்டுமல்லாமல் ஆழத்தில் உள்ள பகுதிகளிலும் இணைப்புகள் மாறியிருந்தன. 2017-இல் வெளியான இந்த ஆய்விலிருந்து நமக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வாசிப்பு என்பது கண்ணையும் பேச்சையும் இணைக்கும் வேலை. அந்த வேலைக்கு வயது ஒரு தடை அல்ல.

எழுத்துகளை ஒப்பிக்கும் பிள்ளையிடம் கண் தயாராக இருக்கிறது. பேச்சும் தயாராக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாதை இன்னும் விழவில்லை.

ஒரு சொல்: தேங்காய்

இந்தப் பாதை எப்படி விழுகிறது என்பதை ஒரே ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஊர்ப் பெயர்ப் பலகையில் இருக்கும் 'சிவகிரி'. சி, வ, கி, ரி என நான்கு எழுத்துகள். வாய் எந்த வரிசையில் சொல்கிறதோ அதே வரிசையில் கண்ணும் காண்கிறது. புள்ளி வைத்த எழுத்து இல்லை. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இது எளிய சொல்.

இப்போது 'தேங்காய்'. வீட்டில் தினமும் புழங்கும் சொல்தான். ஆனால் பிள்ளை இதன் முன் திணறும்.

முதல் சிக்கல், கண்ணில் முதலில் படுவது இரட்டைக்கொம்பு. அதற்குப் பிறகுதான் 'த' வருகிறது. வாயோ 'த்' ஒலியை முதலில் சொல்லி, 'ஏ'யை அதன் பின் சொல்கிறது. எழுதும் வரிசை வேறு, ஒலிக்கும் வரிசை வேறு. 'கொக்கு' என்னும் சொல்லில் இன்னும் சிரமம்: 'ஒ' என்ற ஒரே ஒலிக்குக் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, கால் வலப்பக்கம் நிற்கிறது. இந்தியிலும் சொல்லும்போது பின்னால் வரும் 'இ' ஒலியின் குறி, எழுதும்போது முன்னால் நிற்கும். அப்படிப்பட்ட சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா இருவரும் 2002-இல் காட்டினார்கள். நம் பிள்ளை கொம்பு வைத்த எழுத்தில் தயங்குவது மந்தம் அல்ல. அந்த எழுத்தின் அமைப்பே அப்படி.

இரண்டாவது சிக்கல், 'ங்'. இதைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். 'இங்' என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துத்தான் சொல்ல வருகிறது. பிள்ளையும் அப்படித்தான் கற்றிருக்கிறது. அதனால் எழுத்துக் கூட்டும்போது 'தே… இங்… கா… இய்' என்கிறது. இந்த நான்கையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'தேங்காய்' கிடைக்காது.

மூன்றாவது சிக்கல், 'கா'. 'காக்கா'வில் வரும் 'கா' வல்லோசை. 'தேங்காய்' என்னும்போது அதே எழுத்து மெல்ல ஒலிக்கிறது. எழுத்து ஒன்று, ஓசை இரண்டு.

நான்காவது, நினைவு. மனம் ஒரு நேரத்தில் மிகச் சில துண்டுகளைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வோர் எழுத்துக்கும் சில நொடிகள் ஆகும் பிள்ளை, 'ய்' வந்து சேர்வதற்குள் 'தே'யை நழுவ விட்டுவிடும். கடைசி எழுத்தைச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பது இதனால்தான்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இவ்வகை எழுத்து முறையை முழுதாக வசப்படுத்தப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன என்று 2007-இல் எழுதினார். எழுத்துக் குறைவான மொழிகளில் ஓர் ஆண்டில் முடியும் வேலை, நம் மொழிகளில் மூன்று நான்கு வகுப்புகள் வரை நீளும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை திணறினால் பதறத் தேவையில்லை.

கூடையில் இருக்கும் விதி

இந்தச் சிக்கல்களில் பாதியைப் புத்தகத்தைத் தொடாமலே அவிழ்க்கலாம். அதற்குப் பிள்ளைக்கு வர வேண்டிய திறனை 'ஒலிப்பிரிப்பு' என்று அழைப்போம். சொல்லின் பொருளை ஒரு நிமிடம் ஒதுக்கிவிட்டு, அதன் ஓசையைத் துண்டு துண்டாகக் கேட்பதுதான் ஒலிப்பிரிப்பு.

இது தானாக வருவதில்லை. 1979-இல் போர்ச்சுகலில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லி அதன் முதல் ஒலியை நீக்கச் சொன்னார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. அதே சூழலில் வளர்ந்து, பெரியவர்களான பின் எழுத்துக் கற்றவர்களால் முடிந்தது. எழுத்துக் கற்பது ஒலிப்பிரிப்பை வளர்க்கிறது. ஒலிப்பிரிப்பு எழுத்துக் கற்பதை எளிதாக்குகிறது. இரண்டும் சேர்ந்தே வளரும். பெரிய துண்டுகளைப் பிரிக்க மட்டும் எழுத்து வேண்டியதில்லை. அதை நான்கு வயதிலேயே தொடங்கலாம்.

காய்கறி வாங்கி வந்த பையைத் தரையில் கொட்டுங்கள். தேங்காயை எடுத்து, கை தட்டிக்கொண்டே இரண்டு தட்டாகச் சொல்லுங்கள்: தேங், காய். பிள்ளையும் தட்டட்டும்.

"தேங்காய்ல 'தேங்'கை எடுத்துட்டா மிச்சம் என்ன?"

"காய்!"

"அதுக்கு முன்னால 'மாங்' போடு."

"மாங்காய்!"

பிள்ளை சிரிக்கும். ஒரு சொல்லை உடைத்து இன்னொரு சொல் செய்ய முடியும் என்பதை அது கண்டுகொண்ட நேரம் அது.

சில நாள் கழித்து அடுத்த படி. கத்தரிக்காய், வெண்டைக்காய், நெல்லிக்காய் ஒரு பக்கம். தேங்காய், மாங்காய், எலுமிச்சங்காய் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றையும் மெதுவாகச் சொல்லச் சொல்லி, 'காய்' எங்கே அழுத்தமாக வருகிறது, எங்கே மெத்தென்று வருகிறது என்று கேளுங்கள். பிள்ளையின் காது பிரித்துவிடும். முன்னால் 'க்' இருந்தால் வல்லோசை, 'ங்' இருந்தால் மெல்லோசை. கடைசியாக முருங்கைக்காயை நீட்டுங்கள். 'ருங்கை'யில் மெத்தென்றும் 'கைக்காய்' என்னும் இடத்தில் அழுத்தமாகவும் இரண்டும் ஒரே சொல்லில் வருகின்றன.

இந்த விதியைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் மூன்று வயதிலிருந்தே பிசகாமல் பேசுகிறது. கேட்ட பேச்சிலிருந்து ஒழுங்கைத் தானே பிரித்தெடுக்கும் ஆற்றல் குழந்தைகளுக்கு உண்டு. புதிதாக உருவாக்கிய ஒரு மொழியை இரண்டே நிமிடம் கேட்ட எட்டு மாதக் குழந்தைகள், அதில் எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை உணர்ந்ததாக 1996-இல் ஜென்னி சாஃப்ரனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். விதி ஏற்கெனவே பிள்ளையின் வாயில் இருக்கிறது. எழுத்தை அந்த வாயோடு கட்டிவிடுவதுதான் நம் வேலை.

அதன் பிறகு 'தேங்காய்' என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு எழுத்தாகக் கூட்டச் சொல்லாதீர்கள். 'தேங்' மீது ஒரு விரல், 'காய்' மீது ஒரு விரல். புள்ளி எழுத்தைத் தனியே நிறுத்தாமல் முந்திய எழுத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நான்கு துண்டு இரண்டாகும்போது நினைவின் சுமை பாதியாகக் குறைகிறது. இப்படித் தானே கூட்டி வெற்றி பெற்ற ஒரு சொல்லை, ஒரு சில முறை சந்தித்த பிறகு பிள்ளை பார்த்ததும் சொல்லிவிடும். ஆய்வாளர் டேவிட் ஷேர் 1995-இல் இதைத் 'தானே கற்றல்' என்று விளக்கினார். ஒவ்வொரு சொல்லையும் நாம் கற்பிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே ஆதாரம்.

இரண்டு மாடு பூட்டிய வண்டி

எழுத்தை ஒலியாக்கிவிட்டால் வாசிப்பு முடிந்துவிடுமா? உங்களுக்குத் தெரியாத ஒரு துறையின் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் சத்தமாக வாசியுங்கள். ஒலி வரும், ஒன்றும் புரியாது.

1986-இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் வாசிப்பை இரண்டு திறன்களாகப் பிரித்தார்கள். ஒன்று, எழுத்தை ஒலியாக்குவது. மற்றது, கேட்ட மொழியைப் புரிந்துகொள்வது. இரண்டும் இரட்டை மாட்டு வண்டியின் மாடுகள் மாதிரி. ஒன்று படுத்துவிட்டால், மற்றது எவ்வளவு வலுவாக இருந்தாலும் வண்டி நகராது.

வீட்டில் நாம் 'படிப்பு' என்று கணக்கில் எடுப்பது பெரும்பாலும் முதல் மாட்டை மட்டும்தான். கனடாவில் மோனிக் செனெஷால், ஜோ-ஆன் லஃபெவ்ர் இருவரும் பிள்ளைகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. பெற்றோர் எழுத்துச் சொல்லிக்கொடுத்த வீடுகளில் பிள்ளைகளின் எழுத்தறிவு தொடக்கத்தில் கூடியது. கதைப் புத்தகம் வாசித்துக்காட்டிய வீடுகளில் சொல்வளமும் புரிதலும் கூடின. அதன் பலன் மூன்றாம் வகுப்பில், பிள்ளை தானே வாசிக்கும்போது தெரிந்தது. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகவில்லை.

ஆங்கில வழியில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளையின் பாடும் இந்த இரட்டை மாட்டில் விளங்கும். எழுத்தை ஒலியாக்க அது கற்றுவிடலாம். அந்த ஒலியை வீட்டிலும் தெருவிலும் கேட்டே இராததால் பொருள் வருவதில்லை. அந்தப் பிள்ளைக்கும் கதைகளைத் தமிழில் சொல்லுங்கள். கதை எப்படித் தொடங்கி எப்படி வளரும், ஏன் ஒன்று நடந்தால் இன்னொன்று நடக்கிறது என்ற அறிவு மொழி மாறினாலும் உடன் வரும்.

புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழும்

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு படி உண்டு. வீட்டில் ஆச்சி, "அவுக நேத்தே வந்துட்டாக" என்கிறார். புத்தகமோ 'அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள்' என்கிறது. பிள்ளை எழுத்தெழுத்தாகக் கூட்டி 'வந்துவிட்டார்கள்' வரை வந்தாலும், அது தனக்குத் தெரிந்த 'வந்துட்டாக'தான் என்பது உடனே பிடிபடாது.

அரபு மொழியிலும் பேச்சும் எழுத்தும் இப்படி விலகி நிற்கின்றன. இஸ்ரேலில் அரபு பேசும் மழலையர் வகுப்புகளில் டினா ஃபைடெல்சனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு முயற்சி செய்தார்கள். ஆசிரியர்கள் சில மாதங்கள், எழுத்து நடை அரபியிலேயே கதைகளை வாசித்துக் காட்டினார்கள். பிள்ளைக்குப் புரியாது, பேச்சு நடையில்தான் சொல்ல வேண்டும் என்பது அதுவரை பரவலாக இருந்த எண்ணம். 1993-இல் வெளியான முடிவு அதற்கு மாறாக இருந்தது. கதை கேட்ட பிள்ளைகள் எழுத்து நடையை மேலும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். படம் பார்த்துக் கதை சொல்வதிலும் முன்னேறினார்கள்.

நம் வீட்டுக்கு இது அப்படியே பொருந்தும். கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். அது ஒரு நன்மை. புத்தகத்தில் உள்ளபடியும் வாசித்துக் காட்டுங்கள். அது வேறொரு நன்மை. 'வந்தார்கள்', 'அங்கே', 'எனினும்' போன்ற சொற்கள் கண்ணுக்கு வருவதற்கு முன்பே காதுக்குப் பழகிவிடும். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., வந்தவர்களுக்கெல்லாம் கம்பனை வாய்விட்டுப் பாடிக்காட்டியே சுவை ஊட்டினார். பெரியவர்களுக்கே கவிதை காது வழியாக உள்ளே போகிறது என்றால், ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம்.

கதை கேட்கும்போது கண் எங்கே?

மடியில் உட்கார வைத்து வாசிக்கும்போது பிள்ளை எழுத்தைப் பார்க்கிறது என்று நாம் நினைக்கிறோம். கண்ணின் அசைவைப் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு மேரி ஆன் எவன்ஸ், ஜான் சேந்த்-ஓபன் இருவரும் 2005-இல் சோதித்தார்கள். பிள்ளைகள் ஏறத்தாழ முழு நேரமும் படத்தையே பார்த்தார்கள். எழுத்துப் பக்கம் கண் போனது மிக அரிது.

தீர்வு எளிது. வாசிக்கும் வரியின் அடியில் விரலை ஓட்டுங்கள். "இந்தச் சொல் எவ்வளவு நீளமா இருக்கு பாரு", "உன் பேருல வர்ற எழுத்து இங்க எங்க இருக்கு?" என்று பக்கத்துக்கு ஒன்றிரண்டு கேள்வி போதும். இப்படி எழுத்தின் பக்கம் கண்ணைத் திருப்பிய வகுப்புகளின் பிள்ளைகள், ஓரிரு ஆண்டுகள் கழித்தும் வாசிப்பில் முன்னே இருந்ததை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

வாசிக்கும் விதமும் முக்கியம். நியூயார்க் மாநிலத்தில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவுப் பெற்றோர் வழக்கம்போல வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் கேள்வி கேட்டார்கள், பதிலுக்குக் காத்திருந்தார்கள், பிள்ளை சொன்னதை நீட்டிச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் இரண்டாம் பிரிவுப் பிள்ளைகள் பேச்சில் தெளிவாக முந்தினார்கள். பிள்ளை "யானை" என்றால், "ஆமா, பெரிய யானை. அருவிக்குப் போகுது. எதுக்குப் போகுதுன்னு நினைக்க?" என்று தொடருங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பிள்ளைக்குச் சொல் தேட நேரம் வேண்டும்.

வாசிக்கத் தெரியாத அம்மா என்ன செய்வாள்?

தென்காசி மாவட்டத்தின் பல ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு, கைக்கு ஓய்வில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் ஆச்சிமாரும் அவர்களில் உண்டு. "எனக்கே தெரியாதே, நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் இருப்பதோ இரண்டாவது மாட்டுக்கான முழுத் தீனி.

அழிப்பாங்கதை (விடுகதை) போடுவது, பொருளைப் பெயர் சொல்லாமல் விவரிக்கும் பயிற்சி. ஊர்ப் பழங்கதை, காரணத்தையும் விளைவையும் கோக்கும் பயிற்சி. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்துப் பிள்ளைகள் பேசும் ரகசியப் பேச்சு, ஒலிப்பிரிப்பேதான். இவை எதற்கும் எழுத்து தேவையில்லை. கை வேலையை நிறுத்தவும் தேவையில்லை. பிள்ளை பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வாசிக்கும்போது அருகில் இருந்து கேட்டு, "பிறகு என்ன ஆச்சு?" என்று கேட்பதும் கற்பித்தல்தான்.

இந்த வேலையைக் கைப்பேசியிடம் ஒப்படைக்க முடியுமா? 2003-இல் பட்ரீஷியா கூல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அதன் ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. சிறு பிள்ளைக்கு மொழி ஆளிடமிருந்துதான் ஏறுகிறது.

ஊர் முழுக்க இப்படி ஆட்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் தம் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் ஆராய்ந்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மாலை நேர வகுப்புகளால் வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பள்ளி மூடியிருந்த காலத்தில் கணக்கில் ஏற்பட்ட இழப்போடு ஒப்பிட்டால், தமிழில் ஏற்பட்டது அதில் பாதி அளவுதான். கணக்குக்குப் பள்ளியே முதன்மையான இடம். தமிழுக்கு வீடும் ஒரு பள்ளி. வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

தினம் கால் மணி நேரம்

இவ்வளவையும் ஒரு மாலைக்குள் அடக்கலாம். சமைக்கும்போதோ பீடி சுற்றும்போதோ ஐந்து நிமிடம் சொல் விளையாட்டு: ஒரு சொல்லை உடைப்பது, ஒரு துண்டை மாற்றுவது. பிறகு பத்து நிமிடம் கதை. வாசிக்கத் தெரிந்தவர் விரலை ஓட்டி வாசிக்கட்டும். தெரியாதவர் கதை சொல்லட்டும், அல்லது பிள்ளை வாசிப்பதைக் கேட்கட்டும். தவறாக வாசித்தால் உடனே திருத்தாமல், வரி முடியும்வரை பொறுத்து, அந்தச் சொல்லை மட்டும் இரண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்டால் மறுக்காதீர்கள். தெரிந்த கதையில்தான் பிள்ளை எழுத்தைக் கவனிக்கத் துணிகிறது.

புத்தகத்துக்குப் பெரிய செலவு இல்லை. அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்களைத் தந்திருக்கிறது. பிள்ளையின் படி எது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். கைப்பேசியில் அதைத் திறந்து நீங்கள் வாசியுங்கள்; பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள்.

வாசிக்கத் திணறும் பிள்ளையிடம் எழுத்து குறைவு என்று எண்ணி இன்னொரு பக்கம் எழுதச் சொல்வதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். குறைவு அங்கே இல்லை. ஓசையை உடைத்துப் பார்க்கும் பழக்கமும், புத்தகத் தமிழைக் கேட்ட அனுபவமும், பதிலுக்குக் காத்திருக்கும் ஓர் ஆளும்தான் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். மூன்றும் ஏழை வீட்டிலும் கிடைக்கும், எழுத்தறியாத வீட்டிலும் கிடைக்கும். ஆகவே 'வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை' என்ற சொல்லை நாம் கைவிட வேண்டும். பேசத் தெரிந்த ஒருவர் இருக்கும் எந்த வீட்டிலும் ஆள் உண்டு.